பிளக்ஸில் வந்த பிரிட்ஜ்

மாரிக்கண்ணன் அன்று காலையில் முதலில் உடைத்தது மேசைமேல் பதித்திருந்த கண்ணாடியைத்தான். ஆளை அடிக்கும் எண்ணத்தோடு போகவில்லை என்று பின்னால் போலீஸிலும் சொல்லிப் பார்த்தான். யாரும் நம்பவில்லை. நம்பும்படியான காரியத்தையும் அவன் செய்துவைக்கவில்லை.

பாளையம்பட்டியைத் தாண்டி ரோட்டோரத்தில் ஒரு தகர ஷெட். அருப்புக்கோட்டை வட்டாரத்தில் போனைத் தட்டி ஆர்டர் போடுகிறவர்களின் சாமான்களெல்லாம் அங்கேதான் வந்து இறங்கி, ஊர் ஊராகப் பிரிந்து போகும். ஷெட்டுக்கு வெளியே அவன் கூட்டாளி ராஜகுருவின் குட்டியானை லோடு வண்டி நின்றது. வண்டிக்குள் மாலை போட்ட கிடா ஒன்று, இரண்டு வாழைத்தார், கலர் பேப்பர் சுற்றிய சீர்த்தட்டுகள். எல்லாவற்றுக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. அந்த இடம் பிரிட்ஜுக்கு. கட்டுவதற்குக் கயிறுகூட சுருட்டித் தயாராக வைத்திருந்தான் மாரிக்கண்ணன்.

"ஏம் பிரிட்ஜ எங்கடா?"

ஷெட்டைப் பார்த்துக்கொள்கிற அஃப்ரீத் சிதறிய கண்ணாடியைப் பார்த்தான். பிறகு மாரிக்கண்ணனைப் பார்த்தான். ஒல்லியான இளவட்டம். இந்த மாதிரி ஆட்களை வாரத்துக்கு ஒருவராவது பார்த்துப் பழகியிருந்தான் போல, பதறவில்லை.

"போனக் காட்டுங்கண்ணே." வாங்கிப் பார்த்தான். "நேத்தே ரத்துன்னு மெசேஜ் வந்திருக்கே. ஸ்டாக் இல்லன்னு போட்டிருக்கான்ல."

"ஸ்டாக்கு இருக்குடா. வேற எவனுக்கோ கைமாத்தி விட்டுட்டு எனக்குக் கத சொல்றியா?"

மாரிக்கண்ணன் இதை மெய்யாகவே நம்பினான். திருச்சுழி கடைவீதியில் வாசலில் ஒரு குடம் தொங்கினால், கேட்ட மாத்திரத்தில் அதை அவிழ்த்துக் கொடுப்பார்கள். இல்லாத குடத்தை யாரும் தொங்கவிட மாட்டார்கள். அப்படியிருக்க, 'மலிவுமேளா' என்கிற போன் ஆப்பில் நேற்று ரத்தான பிரிட்ஜ் இன்று காலையிலும் வந்து பல்லைக் காட்டியது. அதே இரட்டைக் கதவு, தோளில் அதே சிவப்பு நட்சத்திரம், நட்சத்திரத்துக்குள் 'பாதி விலை'. அதை அஃப்ரீத்தின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இல்லாத சாமானுக்கு எதுக்குடா இன்னும் விளம்பரம் ஓடுது?"

"கோவிச்சுக்கிராதீகண்ணே. டீ சொல்லவா?" என்றான் அஃப்ரீத். வேண்டாம் என்று இவன் தலையை ஆட்டவும் பொறுமையாகவே சொன்னான். "இந்தப் பிரிட்ஜு இந்த ஷெட்டுக்குள்ள வந்ததே இல்ல. மொதல்ல எங்கயாச்சும் நாலஞ்சு வித்திருப்பான். அது தீந்ததும் விளம்பரத்த எடுக்க மாட்டான். எடுத்தா கூட்டம் வராதுல்ல? இத நம்பித்தான நீங்க உள்ள வந்தீக? வந்த ஆளு வெறுங்கையோட போவாகளா? ரத்துன்னு சொல்லிட்டு அதுக்குக் கீழயே வேற பிரிட்ஜக் காட்டுறான் பாருங்க. வீட்ல விசேஷம், நாளு நெருங்கிருச்சுன்னா, கூட வெலையா இருந்தாலும் வாங்கித்தான ஆகணும்? இந்த அரைவெலப் பிரிட்ஜு விக்கிறதுக்கு இல்லண்ணே, கூப்பிடுறதுக்கு."

"அப்ப தெரிஞ்சேதான் செய்றாய்ங்க."

"தெரியாம எப்படி? அவன் எங்க உக்காந்து செய்றானோ, அவன் மூஞ்சிய நானே பாத்ததில்ல. ஒங்க கைக்கு அவன் எட்ட மாட்டான். நான் எட்டுறேன். அதான் ஏங் கண்ணாடிய ஒடச்சிட்டு நிக்கிறீக."

சொல்லியிருக்க வேண்டாம். நியாயமான பேச்சுதான். ஆனால் கோபத்தில் நிற்கிறவனிடம் நியாயத்தைச் சொன்னால் அவனுக்கு இன்னும் கொஞ்சம் ஏறும். ஷட்டரை இழுக்கிற கம்பி சுவரில் சாய்ந்திருந்தது. "ஏலே, வேணாம்டா" என்று ராஜகுரு வண்டியிலிருந்து குதித்து ஓடி வருவதற்குள் மாரிக்கண்ணன் கம்பியை எடுத்து வீசிவிட்டான். அஃப்ரீத் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினான். மணிக்கட்டில் விழுந்தது. காய்ந்த பருத்திமார்க் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அஃப்ரீத் "உம்மா" என்று ஒரே ஒரு தடவை கத்திவிட்டு அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டான். மாரிக்கண்ணன் இரண்டாவது அடிக்கும் கம்பியை ஓங்கினான். ராஜகுரு இடுப்போடு சேர்த்துக் கட்டிப்பிடித்து வெளியே இழுத்து வந்து, வண்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான்.

"கூறு கெட்டவனே, அந்தப் பய என்னடா செஞ்சான் ஒன்ன?"

வண்டி மல்லாங்கிணறு ரோட்டில் ஏறியது. இரண்டு பக்கமும் வெயில் காய்ந்த கரிசலும் சீமைக்கருவேலமும் ஓடின. அடித்தும் மாரிக்கண்ணனுக்கு ஆத்திரம் தீரவில்லை.

இந்தப் பிரிட்ஜ் வெறும் பிரிட்ஜாக இருந்திருந்தால் அவன் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டான். மல்லாங்கிணற்றில் அவன் தங்கை முருகலட்சுமி வாக்கப்பட்டிருந்தாள். புருஷன் ஜெகதீஸ்வரன் உரக்கடை வைத்திருக்கிறான். குடிகாரன் என்றாலாவது குடியின் மேல் பழியைப் போட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம். அவன் வெற்றிலைகூடப் போடாதவன். நல்ல தெளிவாக இருக்கும்போது, கடையில் வசூல் குறைந்தால் அடிப்பான், குழம்பில் உப்புக் கூடினால் அடிப்பான். மகள் சத்யபிரியாவின் காதுகுத்துக்குத் தாய்மாமன் மிக்ஸியோடு வந்து நின்றதற்காக அன்றைக்கு விருந்து முடியுமுன்பே அடித்தான். அந்த மிக்ஸியைச் சொல்லிச் சொல்லி வருஷக் கணக்கில் அடித்தான்.

ஒரு தடவை முருகலட்சுமி காது கிழிந்து பிறந்த வீட்டுக்கு வந்தாள். கம்மலைப் பிடித்து இழுத்திருந்தான். தாய் தகப்பன் இல்லாத வீடு, கல்யாணமாகாத அண்ணன் ஒருவன்தான். மாரிக்கண்ணன் மஞ்சளை வைத்துக் கட்டி, சோறு போட்டு, விடிந்ததும் திருச்சுழிக்குக் கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டான். தங்கச்சி வாழாமல் வந்துவிட்டாள் என்று ஊர் பேசும். அந்தப் பேச்சுக்கு அவன் பயந்தான். பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பெரிதாகத்தான் சொன்னான்.

"அண்ணன் இருக்கேன் தாயி. இன்னொருக்க கைய வச்சான்னா ஒரு போனு போடு. வண்டி எடுத்துட்டு வந்து கூட்டியாந்துருவேன்."

அவள் போன் போடத்தான் செய்தாள். ஒரு தடவை மிளகாய்ப் பழம் எடுக்க ஆள் விட்டிருந்தான். ஒரு தடவை ஆட்டுக்குச் சீக்கு. ஒரு தடவை கண்மாய்க் கூட்டம். "அடுத்த வாரம் வாரேன் தாயி" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னான். சொல்லும்போது மெய்யாகவே வருவதாகத்தான் நினைத்துச் சொன்னான். பிறகு அவள் போன் போடுவதை விட்டுவிட்டாள்.

சத்யபிரியா வயதுக்கு வந்தாள். சடங்கு மண்டபத்தில் என்று முடிவானது. இந்தத் தடவை தங்கச்சி தலைகுனியக் கூடாது என்று மாரிக்கண்ணன் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் போனில் அந்தப் பிரிட்ஜ் வந்தது. கடையில் அதன் விலை கேட்டாலே அவனுக்கு மயக்கம் வரும். இங்கே பாதி விலை, அதுவும் வீட்டுக்கு வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும். ஆர்டர் போட்டான். போட்ட அன்றைக்கே அருப்புக்கோட்டை பிளக்ஸ் கடைக்கும் போனான். எங்கள் பக்கத்தில் சாமான் வந்து சேருமுன்பே பிளக்ஸ் வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் செய்த சீர் சீராகாது. மீசையை முறுக்கிய மாரிக்கண்ணன் ஒரு பக்கம், பிரிட்ஜ் ஒரு பக்கம், நடுவில் தங்க எழுத்தில் 'தாய்மாமன் சீர்'. பிளக்ஸ் கடைக்காரன் விளம்பரப் படத்தை அப்படியே எடுத்து ஒட்டியதில் சிவப்பு நட்சத்திரமும் கூடவே வந்துவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அந்தப் படத்தை மச்சினன் போனுக்கு அனுப்பி வைத்தான். ஜெகதீஸ்வரன் அதை ஸ்டேட்டஸில் வைத்தான். முருகலட்சுமியே போன் செய்தாள். வெகுநாளைக்கு அப்புறம் அவள் குரலில் சிரிப்பு இருந்தது.

"அண்ணே, அவுக இப்பல்லாம் கை நீட்டுறதே இல்ல. பிரிட்ஜு வருதுன்னு கடைக்கு வாரவுககிட்டயெல்லாம் சொல்லிட்டுத் திரியிறாக. நேத்து எனக்குப் பூவு வாங்கியாந்தாகண்ணே."

வெறும் படத்துக்கே இவ்வளவு மரியாதை என்றால் சாமான் வந்து இறங்கினால் அவளை யார் தொடுவான் என்று மாரிக்கண்ணன் அன்று வயலுக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்து சந்தோஷப்பட்டான். ஆப்பில் நாளை வரும் என்று போட்டது. மறுநாளும் நாளை வரும் என்றே போட்டது. ஒரு மாதம் போல இப்படியே ஓடி, சடங்குக்கு முந்தின நாள் 'ரத்து' என்று வந்தது. கடையில் போய் வாங்க அவனிடம் வழியில்லை. மிளகாய் இன்னும் செடியில் நின்றது.

மண்டப வாசலில் குட்டியானை போய் நின்றதும் கொட்டுக்காரர்கள் முழக்க, பெண்கள் சீர்த்தட்டுகளை இறக்க ஆரம்பித்தார்கள். பிளக்ஸ் மூங்கில் சட்டத்தில் இரண்டாள் உயரத்துக்கு நின்றது. ஜெகதீஸ்வரன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். கிடாவைப் பார்த்தான். வாழைத்தாரைப் பார்த்தான். காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"பிரிட்ஜ எங்க மச்சான்?"

"வருது மாப்ள." வாய் தானாகச் சொன்னது. "தனி லோடுல வருது. சாயங்காலத்துக்குள்ள வந்துரும்."

பக்கத்தில் நின்ற ராஜகுரு தரையைப் பார்த்தான். மேளச் சத்தத்துக்கு நடுவே ஜெகதீஸ்வரனின் சித்தப்பா மொக்கையன் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்.

"எங்குட்டு வரும் மாப்ள? நானும் ஒம் பிளக்ஸுல அந்தச் செவப்பு நட்சத்திரத்தப் பாத்துட்டு, ஏம் மகனப் போட்டுத்தரச் சொல்லி அதே பிரிட்ஜுக்கு ஆர்டர் போட்டேன்ல. நேத்து ரத்துன்னு வந்துருச்சு. ஸ்டாக்கே கெடையாதாம்ல!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கொட்டு தட்டுத்தடுமாறி நின்றது. யாரோ ஒருவன் பிளக்ஸைக் காட்டி, "அப்ப இதத்தான் மடிச்சு உள்ள கொண்டு போகணும்" என்றான். ஜெகதீஸ்வரனின் காது மடல் சிவந்தது. ஸ்டேட்டஸில் வைத்தவன் அவன். கடைக்கு வந்த ஊரில் பாதிப் பேரிடம் சொன்னவன் அவன்.

முருகலட்சுமி பட்டுச்சேலையோடு உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "விடுங்க. அண்ணன் வந்ததே போதும். பொண்ண சபையில உக்கார வைக்க நேரமாச்சு" என்று புருஷன் கையைத் தொட்டாள். கைக்கு எட்டுகிற தூரத்தில் அவள்தான் நின்றாள். புறங்கையால் வாயோடு சேர்த்து ஒரு அறை விட்டான். அவள் சுழன்று வண்டிப் பலகையில் மோதி நின்றாள். உதடு பிளந்து ரத்தம் பட்டுச்சேலை முந்தியில் சொட்டியது. கிடா மிரண்டு கத்தியது.

மாரிக்கண்ணன் பாய்ந்தான். மோதிய வேகத்தில் இரண்டு பேரும் பிளக்ஸ் சட்டத்தின் மேல் போய் விழ, மூங்கில் முறிந்து பிளக்ஸ் கிழிந்து சரிந்தது. மச்சினன் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து மூஞ்சியிலேயே குத்தினான். மூக்கு உடைந்தது. ஜெகதீஸ்வரன் பங்காளிகள் சும்மா நிற்பார்களா? ஒருவன் பிளாஸ்டிக் நாற்காலியால் முதுகில் போட்டான். ஒருவன் முடியைப் பிடித்து இழுத்து விலாவில் மிதித்தான். மாரிக்கண்ணன் வாய்க்குள் மண்ணும் ரத்தமுமாக இருந்தது. இருந்தும் பிடித்த கழுத்தை விடவில்லை. தட்டுகள் உருண்டு லட்டும் பழமும் காலடியில் நசுங்கின. முறிந்த மூங்கில் துண்டு ஒன்று கைக்குச் சிக்கியது. கூரான முனை. அதை ஜெகதீஸ்வரன் தொண்டைக்கு நேரே ஓங்கினான்.

"அண்ணே!"

கத்தியது முருகலட்சுமிதான். கெஞ்சுகிற குரலில்லை. அப்படி ஒரு குரலை மாரிக்கண்ணன் அவளிடம் கேட்டதே இல்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது.

"குத்து. குத்திட்டு ஜெயிலுக்குப் போ. இல்ல, நாலு அடி அடிச்சிட்டு ஊருக்குப் போ. நீ எதச் செஞ்சாலும் மிச்சத்த வாங்கிக் கட்டிக்கிற நான் இங்கதான கெடக்கணும்?" முந்தியால் வாயைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ரத்தம் வந்தது. "நான் பிரிட்ஜு கேட்டனாண்ணே? எப்பவாச்சும் கேட்டனா? வந்து கூட்டிட்டுப் போன்னுதான கேட்டேன். அண்ணன் இருக்கேன் இருக்கேன்னு பஸ்ஸு ஜன்னலப் புடிச்சிக்கிட்டு சொன்ன. கூப்புட்டப்பல்லாம் அடுத்த வாரம்ன. அந்தக் கம்பெனிக்காரன் பிரிட்ஜப் படம் போட்டுக் காட்டுனான். நீ ஒன்னயக் காட்டுன. அவனுக்கும் ஒனக்கும் என்ன வித்தியாசம்?"

மாரிக்கண்ணன் கையிலிருந்து மூங்கில் விழுந்தது. அவனுக்கு விழுந்த அத்தனை அடியிலும் இதுதான் வலித்தது. அஃப்ரீத் விவரமாகச் சொன்னபோது தனக்கு ஏன் அப்படிப் பொத்துக்கொண்டு வந்தது என்று இப்போது புரிந்தது. அந்தப் பையன் கம்பெனிக்காரனைப் பற்றிச் சொல்லவில்லை, மாரிக்கண்ணனைப் பற்றியே சொல்லியிருக்கிறான். அடி வாங்காமல் அவள் ஒரு மாதம் இருந்ததும் இல்லாத ஒரு பிரிட்ஜின் தயவில்தான்.

"இப்பக் கேக்குறேன்" என்றாள் முருகலட்சுமி. "நானும் எம் மகளும் வாரோம். கூட்டிட்டுப் போறியா, இல்லையா?"

மாரிக்கண்ணன் எழுந்தான். விலாவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். ஊர் பேசுமே என்கிற நினைப்பு அந்த நேரத்தில் ஒரு தூசி அளவுக்கும் வரவில்லை. "வா தாயி" என்றான். "இப்பவே வா. வண்டி நிக்குது."

அவள் உள்ளே போய் சத்யபிரியாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். பாதி அலங்காரத்தில் இருந்த பிள்ளை. தாய்மாமன் போட வேண்டிய மாலை உருளாமல் தப்பிய ஒரு தட்டில்தான் இன்னும் கிடந்தது. பங்காளிகள் வண்டியை மறிக்க நகர்ந்தார்கள். அந்த நேரத்தில்தான் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

மண்டபத்துச் சண்டைக்காக வந்திருக்கிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் இறங்கியதும் குட்டியானையின் நம்பரைப் பார்த்தார். ஷெட்டு கேமராவில் விழுந்த நம்பர் அது.

"பாளையம்பட்டியில அந்தப் பையனக் கம்பியால அடிச்சது யாரு?"

யாரும் காட்டிக்கொடுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. "நாந்தான் சார்" என்றான் மாரிக்கண்ணன்.

"மணிக்கட்டு நொறுங்கிப் போச்சுய்யா. கத்தாருக்கு விசா வந்து கெளம்ப இருந்த பய. இனி அந்தக் கையி என்னத்துக்கு ஆகும்? ஏறு."

மாரிக்கண்ணன் தங்கச்சியைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். கோபம்கூட இல்லாத பார்வை. இதுவும் நடக்கும் என்று எதிர்பார்த்தே இருந்தவள் மாதிரி தலையை மட்டும் ஒரு தரம் ஆட்டிக்கொண்டாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. காலமெல்லாம் வராதவன் இன்றைக்கு வந்தான். வந்தும், அவளுக்கு உதவ வேண்டிய ஒரு நாளை, ஒரு பாவமும் அறியாத பையனின் கையை ஒடிப்பதில் செலவழித்துவிட்டு வந்திருக்கிறான்.

இடுப்பு அரைஞாணில் முடிந்திருந்த வீட்டுச் சாவியை அவிழ்த்து அவள் கையில் வைத்தான். "கதவத் தெறந்து இருந்துக்க தாயி. யாரு வந்து கேட்டாலும் ஒன் வீடுன்னு சொல்லு." அவள் சாவியை இறுக்கிப் பிடித்தாள். மகளை வண்டியில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள். போலீஸ் நின்றதால் யாரும் மறிக்கவில்லை. ஜெகதீஸ்வரன் மூக்கைப் பொத்திக்கொண்டு கிழிந்த பிளக்ஸின் மேலேயே உட்கார்ந்திருந்தான்.

அருப்புக்கோட்டை வரைக்கும் இரண்டு வண்டிக்கும் ஒரே ரோடு. ஜீப் முன்னால், குட்டியானை பின்னால். மாரிக்கண்ணனின் வலது கையை ஜீப் கம்பியோடு விலங்கு போட்டிருந்தார்கள். பின்பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். ராஜகுருவின் முகம் மட்டும் கண்ணாடிக்குள் தெரிந்தது. டவுனுக்குள் நுழைந்ததும் ஜீப் ஸ்டேஷன் பக்கம் திரும்ப, குட்டியானை திருச்சுழி ரோட்டைப் பார்த்து நேராகப் போனது. அப்போது வண்டியின் பக்கவாட்டு தெரிந்தது. கிடாவுக்கும் வாழைத்தாருக்கும் நடுவில், பிரிட்ஜுக்கென்று ஒதுக்கிய இடத்தில், தங்கச்சியும் மருமகளும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முருகலட்சுமி இந்தப் பக்கம் திரும்பவில்லை.

மாரிக்கண்ணனின் போன் எதிரே உட்கார்ந்திருந்த ஏட்டு மடியில் இருந்தது. அது ஒரு தரம் அதிர்ந்தது. ஏட்டு எடுத்துப் பார்த்தார்.

"பிரிட்ஜு பாதி வெலைன்னு போட்டிருக்கானேப்பா. எங்க வீட்லயும் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காக. இத நம்பலாமா?"

"நம்பாதீக சார்" என்றான் மாரிக்கண்ணன். குட்டியானை மறைந்த ரோட்டையே பார்த்துக்கொண்டு, பூட்டிய கை பூட்டியபடி இருக்க, வாய்விட்டு அழ ஆரம்பித்தான்.